பாதம் சொல்லும் சேதி



தமிழிலே ‘அடி’ என்னும் சொல்லுக்குத்தான் எத்தனை பொருள்! பாதமும் அடி, பாதம் பதித்துச் சென்ற சுவடும் அடி, மரத்தின் கீழ்ப்பகுதியும் அடி, நீளத்தின் அளவும் அடி. அசை சேர்ந்து சீராகி, சீர் தொடர்ந்து அமைகின்ற செய்யுள் வரியும் அடிதான். எழுத்தாளரின் பாணியை ‘நடை’ என்கிறோம். நொண்டிச் சிந்து என்று ஒரு பாவகைக்கே பெயர் வைத்திருக்கிறோம். கவிதையைப் பற்றிப் பேசத் தொடங்கினாலும் காலிடம் சொற்களைக் கடன் வாங்காமல் நம்மால் பேச முடிவதில்லை.

‘கால்’ என்ற சொல்லுக்கு நாலில் ஒன்று என்ற பொருளும் உண்டல்லவா? இதில் ஒரு வியப்பான பொருத்தம் இருக்கிறது. வளர்ந்த மனித உடலில் 206 எலும்புகள் உள்ளன. ஒரு பாதத்தில் 26. இரண்டு பாதங்களிலுமாக 52. ஆக, உடலின் எலும்புகளில் ஏறத்தாழக் கால் பங்கு கணுக்காலுக்குக் கீழேயே அமைந்துவிட்டது. இத்தனை எலும்புகளையும் 33 மூட்டுக்களையும் நூற்றுக்கு மேற்பட்ட தசைகள், தசைநாண்கள், இணையங்களையும் ஒரு சாண் அளவு இடத்துக்குள் அடக்கி வைத்திருக்கும் உறுப்பு, நோகத் தொடங்கும்வரை நம் நினைவுக்கு வருவதேயில்லை.

நம் இலக்கியம் பாதத்தை மறந்ததில்லை. ஐம்பெருங் காப்பியங்களுள் ஒன்று காலில் அணியும் சிலம்பினாற் பெயர் பெற்றது. அதன் கொலைக்களக் காதையிலே, சிலம்பு விற்கப் புறப்படுமுன் கோவலன் தன் மனைவியிடம் பேசும்போது, கல் நிறைந்த வழியை அவளுடைய மெல்லிய அடிகள் எப்படிக் கடந்தனவோ என்று கலங்குகிறான். புகாரிலிருந்து மதுரைவரை அந்தப் பாதங்கள் பட்ட பாடு, அவனுக்குக் கடைசி நாளிற்றான் முழுமையாக உறைக்கிறது. நம்மிற் பலரும் கோவலனைப் போன்றவர்களே. பாதத்தின் அருமை தெரிய வரும்போது மிகவும் பிந்திவிடுகிறது. அப்படிப் பிந்திவிடாதிருக்க, பாதத்தில் வரும் பொதுவான நோவுகள் எவை, அவை ஏன் வருகின்றன, நாமே செய்யக்கூடியது என்ன, எப்போது வைத்தியரை நாட வேண்டும் என்பனவற்றை இன்று பார்ப்போம்.

வில்லும் நாணும்

ஈரக் காலுடன் சீமெந்துத் தரையில் நடந்து, பதிந்த அடையாளத்தைப் பாருங்கள். பெரும்பாலோருக்கு உட்பக்கத்தில் ஓர் இடம் பதியாமல் விடுபட்டிருக்கும். அதுதான் பாதத்தின் வளைவு. எலும்புகள் வில்லாக வளைந்திருக்க, குதிக்காலிலிருந்து விரல்களின் அடிவரை ஒரு தடித்த இழையப் பட்டை நாணாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. நாம் குதிக்காலை உயர்த்திப் பெருவிரலை ஊன்றி முன்னே அடி வைக்கும்போது, விரல் மேல்நோக்கி வளைவதால் அந்த நாண் இறுகுகிறது. வளைவு உயர்ந்து, பாதம் விறைப்பான நெம்புகோலாகிறது. ஹிக்ஸ் என்ற ஆங்கில ஆய்வாளர் 1954ஆம் ஆண்டு இந்தப் பொறிமுறையை விளக்கினார். ஊன்றும்போது நெகிழ்ந்து அதிர்ச்சியைத் தாங்குவதும், உந்தும்போது இறுகி உடலைத் தள்ளுவதும் ஒரே உறுப்புத்தான். ஓடும்போது உடல் நிறையின் இரண்டு மூன்று மடங்கு விசையை அது தாங்கிக்கொள்கிறது.

நாணை ஓயாமல் இழுத்துக்கொண்டிருந்தால் அது கட்டியிருக்கும் முனையில் நைந்து போகுமல்லவா? குதிக்கால் நோவிற் பெரும்பகுதி இவ்வாறு உண்டாவதே. காலையிற் படுக்கையை விட்டு எழுந்து முதலாவது அடியை வைக்கும்போது, குதியில் ஊசி ஏற்றியதுபோல ஒரு குத்துளைவு. பத்துப் பன்னிரண்டு அடி நடந்ததும் சற்றுத் தணியும். நெடுநேரம் இருந்துவிட்டு எழும்பினால் மறுபடியும் வரும். இரவில் நாம் உறங்கும்போது பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பதால் அந்த நாண் சுருங்கிக் கிடக்கிறது. காலையில் முழு உடற்பாரமும் ஒரே கணத்தில் அதனை இழுக்கிறது. நோவு காலையிற் கடுமையாக இருப்பது அதனாலேதான்.

நாற்பது வயதுக்கும் அறுபது வயதுக்கும் இடைப்பட்டவர்களிடம் இது அதிகம். நாள் முழுதும் நின்று பாடம் நடத்தும் ஆசிரியர்கள், தாதியர், கடைச் சிப்பந்திகள், சமையலறையின் சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு மணிக்கணக்காக நிற்கும் இல்லத்தரசிகள் ஆகியோர் இதற்கு எளிதில் ஆளாகிறார்கள். உடற் பருமன், கெண்டைக்காற் தசையின் இறுக்கம், தட்டையான பாதம் அல்லது மிக உயர்ந்த வளைவு, தேய்ந்து மெலிந்த றப்பர் செருப்பு ஆகியவையும் காரணங்களே.

எக்ஸ்ரே படத்திற் குதியெலும்பின் அடியில் ஒரு முள்போன்ற வளர்ச்சி தெரிந்தால் பலர் அஞ்சிவிடுகிறார்கள். நோவே இல்லாத எத்தனையோ பேருக்கும் அந்த முள் இருக்கிறது. பெரும்பாலும் நோவுக்குக் காரணம் அந்த முள்ளன்று. ஆகவே முள்ளை வெட்டி அகற்ற வேண்டுமே என்று கலங்க வேண்டியதில்லை.

இதற்கு வீட்டிலேயே செய்யக்கூடியவை பல. கட்டிலை விட்டு இறங்குமுன், நோகும் காலை மற்றத் தொடைமேற் போட்டு, கால்விரல்களைக் கையாற் பிடித்து முழங்காற் பக்கமாக வளையுங்கள். உள்ளங்காலில் நாண் இறுகுவது மறுகைக்குத் தெரியும். பத்து எண்ணும்வரை வைத்திருந்து விடுங்கள். இவ்வாறு பத்து முறை. நாளுக்கு மூன்று வேளை செய்யலாம். அடுத்தது கெண்டைக்காலுக்கானது. சுவரில் இரு கைகளையும் ஊன்றி, நோகும் காலைப் பின்னே வைத்து, குதி நிலத்தை விட்டு எழும்பாமல் முன்னே சாய வேண்டும். நீர் நிரப்பி உறைய வைத்த பிளாஸ்ரிக் போத்தலை ஒரு துணிமேல் வைத்துக் கதிரையில் இருந்தபடி உள்ளங்காலால் உருட்டினால் மாலைநேர நோவு தணியும். ஐந்து பத்து நிமிடம் போதும். பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் மட்டும் இதனைச் செய்யக்கூடாது. வீட்டுக்குள்ளும் குதிப்பக்கம் சற்று உயர்ந்த, மெத்தென்ற செருப்பு அணிவது நல்லது.

இந்த நோவுக்குப் பொறுமை தேவை. ஒரு கிழமையில் மாறிவிடாது. ஆனால் இவற்றை விடாது செய்பவர்களிற் பெரும்பாலானோர் சத்திரசிகிச்சை எதுவுமின்றி ஓராண்டுக்குள் குணமடைகிறார்கள். நோவுக் குளிசைகளை நாமாகவே வாங்கி நாட்கணக்காக விழுங்குவது வயிற்றுப் புண்ணுக்கும் சிறுநீரகக் கோளாறுக்கும் வழிவகுக்கும். குதியில் ஏற்றும் ஸ்ரீரொயிட் ஊசி விரைவாக நோவைத் தணிக்குமெனினும் அதன் பயன் நீடிப்பதில்லை. திரும்பத் திரும்ப ஏற்றினால் அந்தப் பட்டை அறுந்துபோகவும் கூடும்.

குதியின் பின்புறத்தில் வரும் நோவு வேறு. அங்கே இருப்பது கெண்டைக்காற் தசையைக் குதியெலும்போடு பிணைக்கும் தடித்த தசைநாண். மேனாட்டு மருத்துவம் அதற்கு அக்கிலீஸ் என்ற கிரேக்க வீரனின் பெயரைச் சூட்டியிருக்கிறது. குதிக்காலில் மட்டுமே அவனுக்கு அழிவு உண்டு என்பது ஐதிகம். ஆயினும் ஹோமரின் இலியட் காவியத்தில் இந்தக் கதை இல்லை. அது பிற்காலத்தார் சொன்னது. நமது மரபிலும் கண்ணனின் முடிவு பாதத்திற் தைத்த வேடனின் அம்பினால் என்றே கூறப்படுகிறது. இரு பெரும் மரபுகளும் வீரனின் பலவீனத்தைக் காலிலேதான் வைத்திருக்கின்றன.

சப்பாத்து செய்யும் வினை

கால் ஆணி, பெருவிரல் மூட்டுப் புடைப்பு, சதைக்குள் வளரும் நகம் ஆகிய மூன்றையும் நெருங்கிய உறவினர்கள் எனலாம். மூன்றுக்கும் பெரும்பாலும் பொதுவான காரணம் பொருந்தாத சப்பாத்து. ஓரிடத்தில் ஓயாது உராய்வும் அழுத்தமும் ஏற்பட்டால், தோல் தன்னைக் காத்துக்கொள்ளத் தடிக்கிறது. அந்தத் தடிப்பின் நடுப்பகுதி கூம்பாக உள்நோக்கி இறங்கினால் அது ஆணி. காப்பதற்கென்று வந்த தோலே குத்தத் தொடங்குகிறது. ஆணியைச் சவர அலகினால் வெட்டுவோர் உண்டு. இது மிகத் தவறு. அழுத்தம் நீங்காதவரை வெட்டிய ஆணி மீண்டும் வளரும், வெட்டிய இடத்திற் கிருமியும் புகும். இளஞ்சூடான நீரிற் பத்துப் பதினைந்து நிமிடம் காலை ஊறவைத்து, நுரைக்கல்லினால் மெல்லத் தேய்த்து, அகலமான காலணிக்கு மாறினாற் பெரும்பாலான ஆணிகள் தாமாகவே தணியும். கடைகளில் விற்கும் அமிலம் தோய்ந்த ஆணிப் பிளாஸ்ரரை நீரிழிவுள்ளவர்கள் தொடவே கூடாது.

பெருவிரலின் அடிமூட்டு வெளியே புடைத்து, விரல் மற்ற விரல்களின் பக்கம் சாய்வது பெண்களிடம் அதிகம். பரம்பரையாக வரும் பாத அமைப்பு இதற்கு அடிப்படையாக இருக்கலாம். முனை ஒடுங்கிய, குதி உயர்ந்த காலணிகள் அதை விரைவுபடுத்தும். நகம் சதைக்குள் இறங்குவதற்கு முக்கிய காரணம், நகத்தின் ஓரங்களை வளைத்து ஆழமாக வெட்டுவது. கால் நகத்தை நேராக வெட்ட வேண்டும்.

சப்பாத்து வாங்கப் பொருத்தமான நேரம் மாலை. பகல் முழுதும் நடந்த பின் பாதம் சற்று வீங்கியிருக்கும். காலையில் அளவாக இருந்த சப்பாத்து மாலையில் இறுகுவது இதனாலேதான். பலருக்கு இரு பாதங்களும் சம அளவானவை அல்ல. பெரிய பாதத்துக்கே அளவு பார்க்க வேண்டும். எழுந்து நின்று பார்க்கும்போது, மிக நீண்ட விரலுக்கு முன்னே ஒரு கைப்பெருவிரலின் அகலம் இடம் இருக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பாடசாலைச் சப்பாத்து வாங்கும்போது இது முக்கியம். சென்ற ஆண்டுச் சப்பாத்தை இந்த ஆண்டும் இழுத்துப் பறித்துப் போடும் பிள்ளையின் கால்விரல்கள் அதற்குள் மடங்கிக் கிடக்கின்றன.

வயலும் வெடிப்பும்

குதியில் வரும் வெடிப்பைப் பித்தவெடிப்பு என்கிறோம். பெயர் எவ்வாறு இருப்பினும், வறண்டு தடித்த தோல் உடற்பாரத்தைத் தாங்கமாட்டாது பிளப்பதுதான் அங்கே பொதுவாக நிகழ்வது. குதி திறந்த செருப்பும் வெறுங்கால் நடையும் அதனை மிகுவிக்கும். இரவில் காலை ஊறவைத்துத் தேய்த்து, ஈரம் முழுதும் உலர்வதற்குள் வாசலினோ தேங்காய் எண்ணெயோ பூசிப் பருத்திக் காலுறை அணிந்து படுத்தால், சில கிழமைகளில் வெடிப்புப் பொருந்திவரும்.

சேற்றுப்புண் இதற்கு நேர்மாறானது. அங்கே பகை ஈரம். விரலிடுக்கு வெளுத்து, ஊறி, அரித்து, உரிந்து எரியும். ஈரத்தில் வளரும் பங்கசுக் கிருமியே பெரும்பாலும் காரணம். சவர்க்காரமிட்டுக் கழுவி, விரலிடுக்குகளைத் துவாயினால் ஒற்றி உலர்த்தி, பங்கசுக்கான பூசுமருந்தை வைத்தியர் சொன்ன நாள்வரை பூச வேண்டும். அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்திவிடுவதால்தான் அது திரும்பத் திரும்ப வருகிறது.

வயலில் இறங்கும் நமது கமக்காரருக்கு வெடிப்பும் சேற்றுப்புண்ணும் தொல்லைகள் என்ற அளவில் நின்றுவிடுவதில்லை. எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலும் நீரிலும் வாழும் எலிக்காய்ச்சற் கிருமிக்கு, வெடித்த தோலும் சிறு கீறலும் திறந்த வாசல்கள். 2008ஆம் ஆண்டு இலங்கையில் 7,000க்கும் மேற்பட்டோர் எலிக்காய்ச்சல் எனச் சந்தேகிக்கப்பட்டனர். உயிரிழப்புகளும் நேர்ந்தன. விதைப்புக் காலத்தில் அப்பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தடுப்புக் குளிசை பற்றிக் கேட்டறிவதும், காலிற் காயத்தோடு வயலில் இறங்காதிருப்பதும் உயிர்காக்கும் காரியங்கள். வயல்வேலையின் பின் காய்ச்சலும் கடும் தசைநோவும் கண்டால், வயலில் இறங்கியதை வைத்தியரிடம் மறவாமற் சொல்ல வேண்டும்.

நடுச்சாமத்தில் திடீரெனப் பெருவிரல் மூட்டுச் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகுமாப்போல நொந்தால், அது பெரும்பாலும் யூரிக் அமிலப் பளிங்குகள் மூட்டிற் படிவதால் வரும் கௌட். அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் இந்த நோயினால் அவதியுற்று, 1780ஆம் ஆண்டு தமக்கும் கௌட்டுக்கும் இடையிலான உரையாடலாக ஒரு நகைச்சுவைப் படைப்பையே எழுதினார். அளவுமீறிய உணவையும் உடற்பயிற்சியின்மையையும் நோயே அவருக்கு இடித்துரைக்கிறது. இன்று இதற்கு நல்ல மருந்துகள் உண்டு. வைத்தியரின் கண்காணிப்பில் அவற்றைத் தொடர வேண்டும்.

நோகாத காலே ஆபத்தான கால்

இதுவரை நோவைப் பற்றிப் பேசினோம். இனி, நோவு இல்லாமையைப் பற்றிப் பேச வேண்டும்.

கடையெழு வள்ளல்களில் ஒருவனான ஓரி ஆண்ட கொல்லிமலையிலே, ஆங்கிலேய மிஷனரித் தம்பதியருக்கு 1914ஆம் ஆண்டு பிறந்தவர் போல் பிராண்ட். லண்டனில் மருத்துவம் கற்று, 1946இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் விரல்களும் பாதங்களும் நோயினாலேயே அழுகி விழுகின்றன என்று உலகம் நம்பியிருந்த காலம் அது. பிராண்ட் கூர்ந்து கவனித்தார். நோய் அழித்தது நரம்புகளை. நரம்பு செத்ததும் நோவு செத்தது. சுடுபாத்திரத்தைப் பிடித்தாலும், செருப்பில் ஆணி ஏறினாலும் அவர்களுக்குத் தெரியவில்லை. தெரியாத காயத்தின்மேல் மீண்டும் மீண்டும் நடந்தே பாதத்தை இழந்தார்கள். நோவு இல்லாமைதான் அந்த அழிவைச் செய்தது.

அவரே எழுதிய ஓர் அனுபவம் உண்டு. 1950களின் தொடக்கத்தில், நீண்ட பயணத்தின் பின் லண்டனில் ஓர் இரவு காலுறையைக் கழற்றியபோது தம் குதியில் உணர்வில்லாததை உணர்ந்தார். ஊசியாற் குத்திப் பார்த்தார். நோகவில்லை. தமக்கும் தொழுநோய் தொற்றிவிட்டது என்றெண்ணி அந்த இரவைப் பெருங் கலக்கத்தோடு கழித்தார். விடிந்ததும் மறுபடி ஊசியை ஏற்றினார். சுரீரென்று நொந்தது! புகைவண்டியில் நெடுநேரம் ஒரே நிலையில் இருந்ததால் நரம்பு அழுந்தி மரத்திருந்ததே தவிர வேறில்லை. அந்த நோவுக்காக அவர் கடவுளுக்கு நன்றி சொன்னார். 1993இல் பிலிப் யான்சியோடு சேர்ந்து அவர் எழுதிய நூல், நோவை எவரும் விரும்பாத கொடை என்றே பேசுகிறது. 1966இல் அவர் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக்குச் சென்று, தொழுநோயாளரிடம் கற்றதை நீரிழிவு நோயாளரின் பாதங்களுக்கும் பயன்படுத்தினார். 2003இல் மறைந்தார்.

நாம் சலரோகம் என்றும் சீனி வருத்தம் என்றும் சொல்லும் நீரிழிவிலும் இதுவேதான் நிகழ்கிறது. ஆண்டுக்கணக்கில் இரத்தத்தில் வெல்லம் மிகுந்திருந்தால் பாதத்தின் நரம்புகள் கெடுகின்றன. முதலில் எரிவு, ஊசி குத்துவது போன்ற கூச்சம், பிறகு விறைப்பு, பிறகு ஒன்றுமேயில்லை. இரத்தக் குழாய்களும் ஒடுங்குவதால் புண் ஆறுவதும் தாமதமாகிறது. நீரிழிவினாற் கால் அகற்றப்படுவோரில் நூற்றுக்கு 80க்கும் மேற்பட்டோருக்கு, அதற்குமுன் பாதத்தில் ஒரு புண் இருந்திருக்கிறது. அந்தப் புண்ணைத் தொடக்கத்திலேயே கண்டிருந்தால் அவற்றிற் பலவற்றைத் தவிர்த்திருக்கலாம்.

செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமம் வரை கிழக்குக் கரையோரமாகவும் காட்டு வழியாகவும் வாரக்கணக்கில் நடக்கும் பாதயாத்திரை நம் மரபின் பெரும் பேறு. அதிலும், வெயிற் காலத் திருவிழாக்களின் சுடுமணல் வீதிகளிலும் நீரிழிவுள்ள அடியார் பலர் வெறுங்காலோடு நடக்கிறார்கள். உணர்வுள்ளவர் மணல் சுட்டதும் நிழலுக்கு ஓடுவார். உணர்வில்லாதவர் ஓடுவதில்லை. வீட்டுக்கு வந்த பின்பே கொப்புளத்தை வேறொருவர் காண்கிறார். நீரிழிவுள்ளவர் மெத்தென்ற செருப்போடு பாதையைக் கடந்து கோயில் வாசலிற் கழற்றுவதும், இளங்காலையிலோ மாலையிலோ சென்று வழிபடுவதும் பக்திக்குக் குறைவாகா. அடியவர் பாதத்தைப் பேணுவதும் திருவடியை வணங்கும் வழியே.

நீரிழிவுள்ளவர் நாள்தோறும் செய்ய வேண்டியவை சில. உள்ளங்காலையும் விரலிடுக்கையும் வெளிச்சத்திற் பாருங்கள். குனிய முடியாவிட்டால் நிலத்தில் ஒரு கண்ணாடியை வைத்துப் பாருங்கள், அல்லது பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். வெந்நீரின் சூட்டைக் காலால் அறியாது முழங்கையால் அறியுங்கள். சப்பாத்தை அணியுமுன் உதறி, உள்ளே கையிட்டுக் கல் உண்டோ எனத் தடவுங்கள். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறையாவது பாதத்தைப் பரிசோதிக்கச் செய்யுங்கள். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலோன் இழையை உள்ளங்காலில் ஊன்றிப் பார்த்து உணர்வை அளக்கும் அந்தச் சோதனைக்குச் சில நிமிடங்களே போதும்.

நீரிழிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், சில அறிகுறிகள் கண்டதும் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். ஆறாத புண், சிவந்து சூடாகிப் பரவும் வீக்கம், நிறம் கறுக்கும் விரல், திடீரெனக் குளிர்ந்து வெளிறும் பாதம், விழுந்தபின் ஊன்ற முடியாத கால் ஆகியவற்றுக்குக் கைவைத்தியம் கூடாது. புண்ணின்மேற் சூட்டு ஒத்தடமும் பச்சிலைக் கட்டும் போட்டுக் கழித்த நாட்களே பலரின் கால்களைக் கொண்டுபோயிருக்கின்றன.

இந்த நாட்டிலே கால் இழப்பதென்றால் என்ன என்பதை நாம் பிறரிடம் கேட்டறிய வேண்டியதில்லை. 1968இல் இந்தியாவின் ஜெய்ப்பூரிலே கைவினைஞர் ராமச்சந்திர சர்மாவும் வைத்தியர் பி.கே.சேத்தியும் உருவாக்கிய செயற்கைப் பாதம், போர்க்காலத்தில் நம்மிற் பலரை மீண்டும் நடக்க வைத்தது. சப்பாத்து இல்லாமலும் நடக்கவும், சப்பணமிட்டு இருக்கவும், வயலில் இறங்கவும் ஏற்றதாக அது அமைந்தது. கண்ணிவெடியிற் கால் இழந்தவர்களுக்கு அதைத் தடுக்கும் வாய்ப்பு இருக்கவில்லை. கவனியாத ஒரு கொப்புளத்திற்காக அதே செயற்கைக் காலுக்கு அளவு கொடுக்க நேர்வதுதான் பெருந் துயரம், ஏனெனில் அது தடுக்கக்கூடியது.

முன்னாளில் வீட்டு முற்றத்தில் ஒரு வாளி தண்ணீரும் செம்பும் இருக்கும். வெளியே போய் வந்தவர் காலைக் கழுவிய பின்பே உள்ளே வருவார். கழுவுவதற்குக் குனிந்தபோதெல்லாம் அவர் தம் பாதத்தைக் கண்டார். முள் தைத்திருந்தால் அப்போதே பிடுங்கினார். சப்பாத்தும் காலுறையும் வந்தபின் அந்தப் பழக்கம் நம்மை விட்டுப் போய்விட்டது. இன்றிரவு படுக்குமுன் காலைக் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, வெளிச்சத்தில் ஒரு நிமிடம் உள்ளங்காலைப் பாருங்கள். உங்கள் வீட்டில் நீரிழிவுள்ள முதியவர் இருந்தால், அவருடைய பாதத்தையும் எடுத்து உங்கள் மடியில் வைத்துப் பாருங்கள்.